தார் உருண்டைக்குப் பொருத்தம் பார்த்த கதை

விழிஞ்ஞம்

ஏட்டி,

கப்பலைக் கைது பண்ணினால் விலங்கை எங்கே மாட்டுவார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறாய். 2025 ஜூலையில் இங்கே டீக்கடையிலும் இதே கேள்விதான். விலங்கும் கிடையாது, போலீஸ் வேனும் கிடையாது. உயர் நீதிமன்ற உத்தரவு துறைமுகத்துக்கு வரும், கப்பல் புறப்பட அனுமதி கிடைக்காது, அவ்வளவுதான் சங்கதி. இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கே பிடித்து வைத்த எம்.எஸ்.சி. அகிடெட்டா 2 ஒரு தப்பும் செய்யவில்லை. மூழ்கினது எம்.எஸ்.சி. எல்சா 3. இரண்டும் ஒரே கம்பெனிக் குடும்பம் என்பதால் கரைக்கு வந்தது மாட்டிக்கொண்டது. கேரள அரசு கேட்டிருக்கிற நஷ்டஈடு 9,531 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு கடல் மாசுபட்டதற்கு. இந்தத் தொகையைச் சொன்னதும் எங்கள் மீன்காரம்மா தலையிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "அதில் எனக்கு எவ்வளவு?" என்றாள். நியாயமான கேள்வி.

எல்சா இங்கிருந்துதான் கொச்சிக்குக் கிளம்பிற்று. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் வந்து துறைமுகத்தைத் திறந்துவைத்த பந்தல் வாசனைகூடப் போகவில்லை. மே 23 கிளம்பினது, 24 சாய்ந்தது, 25 காலையில் மூழ்கிப் போயிற்று. ஆட்கள் 24 பேரும் பிழைத்தார்கள், அது பெரிய புண்ணியம். உள்ளே 640 பெட்டிகளுக்கு மேல். பன்னிரண்டில் கால்சியம் கார்பைடு. தொட்டியில் 84.44 டன் டீசல், 367.1 டன் ஃபர்னஸ் ஆயில். அந்த 'கார்பைடு' என்ற ஒரே வார்த்தை போதுமே, ஊர் மீனைக் கைவிட. மாம்பழத்தில் போடுகிற கல்தானே என்று ஒருத்தர் ஆரம்பித்தால், அப்போ சாளையும் பழுத்துத்தான் வரும் என்று இன்னொருத்தர் முடித்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாங்கள் பாட்டுக்குக் கொஞ்ச நாள் குறைந்த விலையில் நெய்மீன் சாப்பிட்டோம்.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். மாடிவீட்டுச் சேச்சி ஒருநாள் காலையில் வந்து நின்றாள். கையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ளே புளியுருண்டை அளவுக்குக் கருப்பாய் ஒன்று. கரையில் நடக்கும்போது காலில் ஒட்டிக்கொண்டதாம். தேங்காயெண்ணெய் தேய்த்துச் சுரண்டி எடுத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறாள். "மோளே, இது ஆ கப்பலிலெ எண்ணெயல்லே? நின்றெ மெஷினில் இட்டு நோக்கி ஒரு பேப்பர் தரணம்." பேப்பர் கிடைத்தால் வக்கீலிடம் கொடுக்க ஆள் தயாராக இருக்கிறதாம்.

நான் முடியாது என்றேன். அன்றிலிருந்து மாடியில் வறுக்கிற நெத்திலியில் எனக்குப் பங்கு இல்லை. தேங்காயெண்ணெய், பிளாஸ்டிக் மூடி, இரண்டுமே மாதிரியைக் கெடுக்கும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணத்தை அவளிடம் சொல்லி ஜெயிக்க முடியாது. உன்னிடம் சொல்லலாம், நீ புள்ளியியல் வாத்தியாரம்மா. நீயே போன கடிதத்தில், "மெஷின்தான் கையும் களவுமாகக் காட்டிக் கொடுக்குமே" என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் ஒரு வாரம் என்னை உறுத்திற்று. மெஷின் யாரையும் காட்டிக் கொடுக்காது.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஸ் குரோமட்டோகிராஃப் ஒரு அடுப்பு. அதற்குள் 30 மீட்டர் நீளம், கால் மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள கேபிலரிக் குழாயைச் சுருட்டி மாட்டியிருப்போம். தாரைக் கரைத்து, வடிகட்டி, ஒரு மைக்ரோலிட்டர் ஊசியில் ஏற்றுவோம். ஹீலியம் வாயு தள்ளிக்கொண்டு போகும். அடுப்பின் சூட்டை மெல்ல 300 டிகிரி வரை ஏற்றினால், லேசான சரக்கு முதலிலும் கனத்த சரக்கு பின்னாலுமாகப் பிரிந்து வெளியே வரும். வாசலில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் நின்று ஒவ்வொன்றையும் உடைத்து எடை பார்க்கும். திரையில் பீக் பீக்காக எழும். புது எண்ணெய் என்றால் வரிசை அழகாக இருக்கும். கடலில் கிடந்த தார் என்றால் பாதிப் பீக் காணாமல் போய், அடியில் பிரியாத சரக்கெல்லாம் சேர்ந்து ஒரு திமில் மட்டும் நிற்கும்.

இந்தத் திமிலைப் பார்த்து "அதே எண்ணெய்தான்" என்று சொல்கிற அனுபவசாலிகள் உண்டு. ஒருத்தரும் நம்பக் கூடாது. பீக்கின் உயரத்தை நேரடியாக ஒப்பிடவும் முடியாது. உருண்டைக்குள் மணல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, ஊசியில் எவ்வளவு ஏறிற்று, எல்லாம் மாறும். அதனால் பக்கத்துப் பக்கத்துப் பீக்குகளை ஒன்றால் ஒன்றை வகுத்து விகிதம் எடுப்போம். அப்படி இருபது விகிதம் எடுத்து, கரையில் கிடந்ததையும் கப்பல் தொட்டியில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அப்படியே கல்யாணப் பொருத்தம்தான். பத்தில் எட்டுப் பொருந்தினால் சரி என்பார்கள், ஆனால் ரஜ்ஜு தட்டினால் எங்கள் அத்தை ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாளே, அதே கணக்கு. இங்கே ரஜ்ஜு என்பது ஹோப்பேன் விகிதங்கள். ஹோப்பேன் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முந்தைய பாக்டீரியாவின் உடல் மிச்சம். வெயில், அலை, இன்றைய பாக்டீரியா எதுவும் அதைச் சுலபத்தில் அசைக்காது. இது பொருந்தவில்லை என்றால் பேச்சு முடிந்தது. மாறாக, பதினேழு கார்பன் உள்ள நேர்ச்சங்கிலிக்கும் அதன் பக்கத்தில் வருகிற பிரிஸ்டேனுக்கும் உள்ள விகிதம் தட்டினால் ஜாதகத்தை மூட வேண்டியதில்லை. நேர்ச்சங்கிலியைப் பாக்டீரியா முதலில் தின்னும், கிளைவிட்ட பிரிஸ்டேனை மெல்லத்தான் தொடும். கடலில் ஒரு மாசம் கிடந்தால் அந்த விகிதம் இறங்கியே ஆக வேண்டும். இறங்காமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு பொருள் இருக்கிறது, ஓலியனேன். பூக்கும் தாவரங்களிலிருந்து வந்தது. பூச்செடி பூமியில் பரவினதற்குப் பிறகு படிந்த சேற்றிலிருந்து உண்டான எண்ணெயில்தான் இது நிறைய இருக்கும். தென்கிழக்கு ஆசிய எண்ணெய்களில் தூக்கலாகத் தெரியும். ஒரு கரும்பிசினுக்குள் எந்தக் காலத்துக் காடோ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். நீ சிரிப்பாய்.

சரி, "பொருந்துகிறது" என்றால் என்ன? இங்கேதான் உன் வேலை. சேச்சி நினைக்கிற மாதிரி இரண்டு எண்ணும் ஒன்றாக வராது. ஒரே பாட்டிலில் இருந்து எடுத்த ஒரே எண்ணெயைக் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் ஓட்டினாலே இரண்டு விடை வரும். ஆகவே இரண்டு பேர் வேறு வேறு என்று சொல்வதற்கு முன், ஒருத்தன் தனக்குத்தானே எவ்வளவு வேறுபடுகிறான் என்று அளந்தாக வேண்டும். எங்கள் தொழிலில் முக்கால்வாசிச் சண்டை இதை அளக்காததால் வருவது.

ஐரோப்பிய ஆய்வகங்கள் வைத்திருக்கிற நெறியில், ஈ.என். 15522-2 என்று அதற்குப் பெயர், ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்: 14 சதவீதம். ஏன் 14? ஒரு விகிதத்தைத் திரும்பத் திரும்ப அளந்தால் திட்டவிலக்கம் சராசரியில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு அளவைகளின் வித்தியாசத்துக்கு 1.96 பெருக்கல் இரண்டின் வர்க்கமூலம், ஏறக்குறைய 2.8. அதை ஐந்தால் பெருக்கு, 14. உதாரணத்துக்கு, கரைத் தாரில் ஒரு ஹோப்பேன் விகிதம் 0.92, கப்பல் எண்ணெயில் 1.04 என்று வை. வித்தியாசம் 0.12, சராசரி 0.98, வகுத்தால் 12.2 சதவீதம். பாஸ். அதுவே 1.10 என்றால் 17.8 சதவீதம், பெயில். என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் இந்த 14-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். தங்கள் மெஷினின் திட்டவிலக்கம் 9 சதவீதம் இருக்கும்போதும் 14-லேயே கோடு போடுகிறார்கள். நிபந்தனையை விட்டுவிட்டு விடையை மட்டும் கடன் வாங்குகிற வழக்கம் எல்லாப் பாடத்திலும் உண்டுபோல.

அடுத்த கோளாறு உனக்கு முன்பே தெரிந்திருக்கும். ஒவ்வொரு விகிதத்துக்கும் 95 சதவீத நம்பிக்கை, இருபது விகிதம். இரண்டும் உண்மையிலேயே ஒரே எண்ணெய் என்று வைத்துக்கொண்டாலும், இருபதும் தனித்தனிப் போக்கில் ஆடினால், ஒன்றாவது கோட்டைத் தாண்டுவதற்கு 64 சதவீத வாய்ப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவார். நம் தரப்பு வக்கீல் மற்ற பத்தொன்பதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். உண்மையில் இருபதும் தனித்தனிப் போக்கில் ஆடுவதும் இல்லை. ஒரே பீக் நாலு விகிதத்தில் வகுக்கும் எண்ணாக உட்கார்ந்திருந்தால், அது ஆடும்போது நாலும் சேர்ந்து ஆடும். பொதுவான எண்ணால் வகுத்தாலே இல்லாத உறவு முளைக்கும் என்று 1897-லேயே கார்ல் பியர்சன் எழுதி வைத்துவிட்டுப் போனார். நாம் இன்னும் கேட்டபாடில்லை.

இந்த உறவுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தூரம் அளக்கத்தான் நம்மூர்க்காரர் வழி சொன்னார். மகலனோபிஸ் தூரம், 1936. அதன் பூர்வகதை உனக்குத் தெரியுமோ என்னமோ. 1920-ல் நாக்பூர் விஞ்ஞான மாநாட்டில் விலங்கியல்காரர் நெல்சன் அன்னண்டேல் அவரைப் பார்த்து, கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளைக் கையில் கொடுத்து, இதில் ஏதாவது தேறுமா பார் என்றிருக்கிறார். மனிதர்களின் உயரமும் தலை அகலமும் அளந்து ஆரம்பித்த யோசனை இன்றைக்குத் தாருக்கு உதவுகிறது. உயரம் கூடினால் கையும் நீளும், இரண்டையும் தனித்தனி சாட்சியாக எண்ணக் கூடாது என்பதுதானே அதன் சாரம்.

நீ இப்போது கேட்பாய், இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா, நம் கரையில் யாராவது செய்திருக்கிறார்களா என்று. கோவா தேசியக் கடலாய்வு நிறுவனத்தில் செய்தார்கள். 2010 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மும்பைக்கு வெளியே எம்.எஸ்.சி. சித்ராவும் கலிஜியா 3-ம் மோதிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? அந்த மாசக் கடைசியில் கோவாக் கடற்கரையில் தார் உருண்டைகள் ஒதுங்கின. மோதல் முந்தினது, தார் பிந்தினது; யாராக இருந்தாலும் சித்ராவைத்தான் கை காட்டத் தோன்றும். சுனீலும் வேதமணியும் மற்றவர்களும் ஜி.சி.-எம்.எஸ்.ஸில், அதாவது மேலே சொன்ன அதே மாதிரி மெஷினில், ஓட்டிப் பார்த்தார்கள். விடை வேறு மாதிரி வந்தது: தென்கிழக்கு ஆசியக் கச்சா எண்ணெய், அதாவது டேங்கர்கள் தொட்டி கழுவிக் கடலில் விட்ட கழிவு. அத்தோடு ஊரெல்லாம், கோவாத் தார் என்றாலே டேங்கர் கழுவின தண்ணீர் என்று முடிவு கட்டியிருக்கும். ஆனால் அதே ஆட்கள் 2013 மே மாசம் ஒன்பது கடற்கரைகளில் எடுத்த மாதிரிகளை ஹோப்பேன், ஸ்டெரேன், கார்பன் ஐசோடோப், முதன்மைக் கூறு ஆய்வு எல்லாம் போட்டுப் பார்த்தபோது பாம்பே ஹை எண்ணெய் வயல் வந்து நின்றது. நீரோட்டக் கணக்கும் ஏப்ரலில் அங்கே விட்டது மேயில் கோவா வரும் என்றது. ஒரே கரை, ஒரே மாதிரிக் கருப்பு, வருஷத்துக்கு ஒரு சொந்தக்காரர்.

எனக்கு அந்த வேலையில் பிடித்தது, பல எண்ணெய் வயல்களின் கச்சா எண்ணெயையும் கரைதட்டிக் கிடந்த கப்பலின் எண்ணெயையும்கூட வரிசையில் நிறுத்தி ஒப்பிட்டது. ஒரே ஒரு சந்தேக நபரை நிறுத்தி வைத்து "இவனா?" என்று கேட்டால் எந்த சாட்சியும் தலையாட்டும். விழிஞ்ஞத்துக்கு வெளியே சுமார் பத்துக் கடல்மைல் தூரத்தில் சர்வதேசக் கப்பல் பாதை. சிங்கப்பூரில், ஃபுஜைராவில் ஒரே பங்க்கர் படகில் எண்ணெய் நிரப்பிக்கொண்ட கப்பல்கள் எத்தனையோ அதில் போகின்றன. அவை எல்லாவற்றிலும் ஒரே ஃபர்னஸ் ஆயில் இருக்கலாம். இருபது விகிதமும் பொருந்தி, எண்ணெய் ஒன்றுதான் என்று ஆனாலும், கப்பல் ஒன்றுதான் என்று ஆகாது. இது போக, மீன்பிடித் துறைமுகத்திலேயே அவுட்போர்டு எஞ்சின்கள் கக்குகிறது தனி. எல்சா மூழ்காத வருஷங்களிலும் மழைக்காலத்தில் மேற்குக் கரையில் தார் ஒதுங்கத்தான் செய்தது. சேச்சிக்கு இதைச் சொன்னேன். "அப்போ கப்பல் கம்பெனிக்காரனோட ஆளு நீ" என்று ஒரு பார்வை பார்த்தாள்.

உங்கள் எண்ணூரில் 2017 ஜனவரியில் பி.டபிள்யூ. மேப்பிளும் டான் காஞ்சிபுரமும் மோதினபோது இந்தத் தொல்லை குறைவு. எண்ணெய் கண்முன்னால் கொட்டிற்று, வாளியால் அள்ளினார்கள். நீகூட மாணவர்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுதினாய். அங்கே கேட்க வேண்டியிருந்தது எவ்வளவு என்ற கேள்விதான், யார் என்பது இல்லை.

முதன்மைக் கூறு ஆய்வு என்றதும் ஒரு வம்பு ஞாபகம் வந்தது. உன்னோடு இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு ஆராய்ச்சி மாணவன், நல்ல பையன், மாதிரிகளையெல்லாம் ஓட்டி, பீக் பட்டியல் எடுக்காமல் முழு வரைபடத்தையும் அப்படியே கம்ப்யூட்டருக்குள் போட்டான். முதல் அச்சில் இரண்டு கூட்டம் அழகாகப் பிரிந்து நின்றன. ஒன்றோடொன்று தொடக்கூட இல்லை. கரைக்கு இரண்டு இடத்திலிருந்து எண்ணெய் வந்திருக்கிறது என்று லட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். லட்டு நன்றாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே, தினமும் ஓட்டுகிற ரெஃபரன்ஸ் எண்ணெய் எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். போட்டுப் பார்த்தால் அது இரண்டு கூட்டத்திலும் இருந்தது. ஒரே பாட்டில் எண்ணெய் எப்படி இரண்டு இடத்திலிருந்து வரும்? நடுவில் ஒருநாள் கேபிலரியின் முன்முனை அழுக்கேறிவிட்டதென்று அரை மீட்டர் வெட்டிவிட்டு மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பீக் எல்லாம் சில விநாடி முன்னால் வர ஆரம்பித்துவிட்டன. கம்ப்யூட்டர் தரவில் எது பெரிய மாற்றமோ அதைத்தானே முதல் அச்சாகக் கொடுக்கும். வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின் என்பதை அது மிகச் சரியாகக் கண்டுபிடித்திருந்தது. பையன் நேரத்தை ஒழுங்குபடுத்தித் திரும்ப ஓட்டினான், இரண்டு கூட்டமும் கலந்து ஒரே கும்பலாயிற்று. லட்டுக் காசு தண்டம்.

நீங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி எல்லா மாறியையும் ஒரே திட்டவிலக்கத்துக்குக் கொண்டுவருகிற வழக்கமும் இங்கே விஷம். பெரிய பீக்கின் ஆதிக்கம் குறையும் என்பது சரி. ஆனால் பேஸ்லைன் இரைச்சலோடு இரைச்சலாகக் கிடக்கிற நோஞ்சான் பீக்குக்கும் ஹோப்பேனுக்குச் சமமான ஓட்டு கிடைத்துவிடுகிறது. நான் ரெஃபரன்ஸ் எண்ணெயில் எந்த விகிதம் நிலையாக வருகிறதோ அதற்குத்தான் அதிக எடை கொடுக்கிறேன். சரிதானா என்று நீ சொல்.

எல்சா கொண்டுவந்த பிளாஸ்டிக் மணி விஷயத்தையும் கேட்டிருந்தாய். அதற்கு நர்டில் என்று பேர், பருப்பை விடச் சின்னது, வெள்ளை வெள்ளையாய் இருக்கும். திருவனந்தபுரம் மாவட்டக் கரைகளில் குவிந்தது, நம் குமரிக் கரைக்கும் போயிற்று. 2021-ல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்து மூழ்கினபோது இதே சரக்கு சுமார் 1,680 டன். அங்கே ஒரு விதத்தில் அடையாளம் சுலபம், நிறைய மணிகள் தீயில் கருகிக் கட்டிதட்டியிருந்தன. இங்கே எல்லாம் சுத்த வெள்ளை. காற்றில்லாமல் 600 டிகிரியில் உடைத்து ஜி.சி.யில் ஓட்டினால் பாலிஎத்திலீன் மும்மூன்று பீக்காக எழும்பும், ஒவ்வொரு கார்பன் எண்ணிக்கைக்கும் ஒரு மும்மை. பார்க்க ரொம்ப அழகு. ஆனால் உலகத்துப் பாலிஎத்திலீன் எல்லாவற்றுக்கும் அதே அழகுதான். ஒரு ஆலையின் மணியையும் இன்னொரு ஆலையின் மணியையும் பிரிக்க வேண்டுமானால், சூட்டிலும் காற்றிலும் சிதையாமல் இருக்கச் சேர்க்கிற ஆன்டிஆக்சிடன்ட் எது, உருகுகிற குணம் என்ன, இப்படி வேறு அளவுகளைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். வெயிலும் உப்பும் அந்தச் சேர்மானத்தையும் அரித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் நர்டிலைப் பொறுத்தவரை சாக்கில் அச்சடித்திருக்கிற எழுத்து என் மெஷினை விட நல்ல சாட்சி. இதை எங்கள் துறையில் சத்தமாகச் சொன்னால் மெஷின் வாங்கப் பணம் தரமாட்டார்கள்.

கடைசியாக, உன்னால் ஆக வேண்டிய காரியம். இங்கே நல்ல மாதிரிகள் கிடைப்பது அபூர்வம். ஏழு உருண்டை, இருபது விகிதம் என்று வைத்துக்கொள். மகலனோபிஸ் தூரத்துக்கு இணைமாறுபாட்டு மேட்ரிக்ஸைத் தலைகீழாக்க வேண்டும், மாதிரி ஏழு மாறி இருபது என்றால் அது தலைகீழாகவே மாட்டேன் என்கிறது. முதன்மைக் கூறு இரண்டு மூன்றாகச் சுருக்கிவிட்டு அதில் தூரம் அளக்கலாமா, அல்லது ரெஃபரன்ஸ் எண்ணெயை நூறு தரம் ஓட்டின பழைய கணக்கிலிருந்து அந்த மேட்ரிக்ஸைக் கடன் வாங்கலாமா? எனக்கு இரண்டாவதுதான் யோக்கியமாகப் படுகிறது. ஆனால் மெஷினின் ஆட்டம் மட்டும்தானே அதில் இருக்கும், கடலில் கிடந்ததால் வருகிற ஆட்டம் இருக்காதே என்று ஒரு பயம். உன் துறையில் இதற்கு ஏதோ சுருக்கு மருந்து இருக்கிறதென்று கேள்விப்பட்டேன், பெயர் வேண்டாம், செய்முறையை எழுது.

நெத்திலிக் கருவாடு கேட்டிருந்தாய். அடுத்த வாரம் சென்னைக்கு வருகிற அண்ணாச்சி கையில் கொடுத்துவிடுகிறேன், வாசனை வராமல் நாலு சுற்றுக் கட்டித்தான் வாங்குவார். பணம் அனுப்பாதே. மேட்ரிக்ஸுக்குப் பதில் அனுப்பு.

உன்
விழிஞ்ஞத்துக்காரி